‘சும்மா ஒரு பேருக்குங்க’ என்று அழைத்தால்: தங்குமிடம் நடத்தும் அறக்கட்டளையின் குழுவில் புதிதாகச் சேருவோருக்கு

கோவை, திருப்பூர், ஈரோட்டுப் பக்கம் அறக்கட்டளைக்கு ஆள் பிடிப்பது பெரும்பாலும் கல்யாண மண்டபத்தில்தான். பந்தி முடிந்து கை கழுவும் இடத்தில் தெரிந்த பெரியவர் ஒருவர் தோளில் கை போடுவார். “நம்ம காப்பகத்துக் கமிட்டியில நீங்களும் இருங்க. வேலை ஒண்ணும் இல்லீங்க. சும்மா ஒரு பேருக்குங்க” என்பார். ஈரக் கையோடு நிற்கும்போது மாட்டேன் என்று சொல்ல வாய் வராது.

என்னை அப்படித்தான் சேர்த்தார்கள். எட்டு வருடம் ஆகிறது. திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் கணக்குப் பார்க்கிறேன், அதனால் நேராகப் பொருளாளர் பதவி. எங்கள் அமைப்பு சின்னது. குறைந்த வாடகைக்கு 22 அறைகள் கொண்ட லைன் வீடு, வேலைக்குப் போகும் பெண்களுக்கு ஒரு மாடி விடுதி, நகராட்சிக் கட்டடத்தில் வீடற்றோருக்கு இரவுக் காப்பகம், சாயங்காலம் ரேஷன் கார்டு, ஆதார், நலவாரியப் பதிவு எழுதிக் கொடுக்கும் ஒரு மேஜை. முதல் வருடம் கையெழுத்து மட்டும் போட்டேன். அதன் விளைவைப் பின்னால் சொல்கிறேன். நீங்கள் அந்த ஒரு வருடத்தை வீணாக்க வேண்டாம் என்றுதான் இதை எழுதுகிறேன்.

முதலில்: சேரப்போவது எந்த வகை அமைப்பு?

‘டிரஸ்ட்’ என்று எல்லோரும் பொதுவாகச் சொல்வார்கள். காகிதத்தில் அது மூன்றில் ஒன்றாக இருக்கும். சங்கம் என்றால் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம், 1975. பதிவு செய்ய ஏழு பேராவது வேண்டும், செயற்குழுவில் மூன்று பேருக்குக் குறையக் கூடாது, குழுவின் பதவிக்காலம் அதிகபட்சம் மூன்று ஆண்டு. அதற்கு மேல் இருக்க வேண்டுமானால் மறுபடி தேர்ந்தெடுக்கப்பட வேண்டும். குழுவில் ஆள் மாறினால் மாவட்டப் பதிவாளருக்குத் தெரிவிக்க வேண்டும்.

அறக்கட்டளை என்றால் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவான ஒரு பத்திரம்தான் அதற்கு எல்லாம். பல பத்திரங்களில் நிறுவனரே ஆயுள் அறங்காவலர் என்று எழுதியிருக்கும். உங்களைச் சேர்க்கவும் நீக்கவும் அவருக்கு மட்டும் அதிகாரம் இருக்கலாம். அதில் தவறொன்றும் இல்லை, ஆனால் சேரும் முன் தெரிந்திருக்க வேண்டும். மூன்றாவது வகை, 2013 கம்பெனிச் சட்டத்தின் 8ஆம் பிரிவில் பதிவான கம்பெனி. அதில் நீங்கள் சட்டப்படி இயக்குநர். இயக்குநர் எண் வாங்க வேண்டும், வருடா வருடம் தாக்கல்கள் உண்டு.

எந்த வகையானாலும் பத்திரத்தின் அல்லது துணைவிதியின் நகலை வாங்கி வீட்டுக்குக் கொண்டுபோய் நிதானமாகப் படியுங்கள். நான் பார்க்கச் சொல்லும் வரிகள் இவை: கூட்டம் செல்லுபடியாக எத்தனை பேர் வர வேண்டும்? செக்கில் யார் யார் கையெழுத்து? சொத்தை விற்கவோ அடமானம் வைக்கவோ யார் ஒப்புதல்? உறுப்பினர் விலகுவது எப்படி? அமைப்பைக் கலைத்தால் மிச்சச் சொத்து யாருக்குப் போகும்? கடைசிக் கேள்விக்கு ‘அறங்காவலர்களுக்கே’ என்று பதில் இருந்தால், காபியைக் குடித்துவிட்டு நன்றி சொல்லி எழுந்து வந்துவிடுங்கள்.

நம் ஊரில் இதற்குப் பழைய முன்மாதிரி உண்டு. கோவை பீளமேட்டில் 1926இல் பி.எஸ்.ஜி. சகோதரர்கள் நால்வரும் குடும்பச் சொத்தை ஐந்து பங்காக்கி, ஐந்தாவதைத் தர்மத்துக்கு என்று எழுதி வைத்தார்கள். கல்லூரியும் ஆஸ்பத்திரியும் அதற்குப் பிறகு வந்தவை. எனக்கு அதில் பிடித்த இடம் அந்தப் பங்கீடுதான். ஐந்தாம் பங்கு என்று எழுதிவிட்ட பின் அது தர்மத்தின் பணம், கொடுத்தவரே ஆனாலும் அதில் கை வைக்க முடியாது. நாம் உட்காரப் போகும் நாற்காலி அந்தப் பங்குக்குக் காவல்.

சரி என்று சொல்லும் முன் கேட்க வேண்டிய காகிதங்கள்

மூன்று வருடத் தணிக்கை அறிக்கை. கடைசி ஒரு வருடத்து மினிட்ஸ் நோட்டு. வருமான வரிப் பதிவு (ஆடிட்டர்கள் 12ஏபி என்பார்கள்), நன்கொடையாளருக்கு வரிச்சலுகை தரும் 80ஜி ஆணை. விடுதி உரிமம். கட்டடம் வாடகை என்றால் ஒப்பந்தம், சொந்தம் என்றால் வில்லங்கச் சான்று. வெளிநாட்டுப் பணம் வாங்குகிறார்கள் என்றால் எஃப்சிஆர்ஏ (வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டம்) பதிவும், டெல்லி ஸ்டேட் வங்கி முதன்மைக் கிளையில் அதற்கென்று இருக்கும் கணக்கும். 2020 திருத்தத்துக்குப் பிறகு வெளிநாட்டு நன்கொடை அந்தக் கிளையில்தான் வந்து இறங்க வேண்டும், அதை இன்னொரு அமைப்புக்குக் கைமாற்றவும் கூடாது.

வரிப் பதிவுகள் ஒருமுறை வாங்கி மாட்டி வைத்தால் போதும் என்று இருந்த காலம் போய்விட்டது. 2021இலிருந்து அவற்றுக்குக் காலக்கெடு உண்டு. சட்டகம் போட்டுச் சுவரில் தொங்கும் ஆணையில் தேதியைப் பாருங்கள். 2026 ஏப்ரல் 1 முதல் புதிய வருமான வரிச் சட்டம் வந்ததில் பிரிவு எண்களும் மாறிவிட்டன, பழக்கத்தால் நாங்கள் இன்னும் பழைய எண்ணையே சொல்கிறோம்.

கேட்டால் முகம் சுருங்கும். “நம்மள நம்பலையாட்ட இருக்குதே” என்பார்கள். எனக்கு அப்போது கை கொடுப்பது மாரியம்மன் நோம்பி, அதாவது எங்கள் பக்கத்துக் கோயில் திருவிழா. தலைக்கட்டுக்கு (குடும்பத்துக்கு) ஐந்நூறு ரூபாய் வரி போட்டு நோம்பி நடக்கும். முடிந்த பிறகு கோயில் வாசலில் வரவு செலவு படிப்பார்கள். மேளத்துக்கு இவ்வளவு, பூவுக்கு இவ்வளவு, பந்தலுக்கு இவ்வளவு. பின்னாலிருந்து ஒருவர், “வாழைத்தார் ரெண்டுதானுங்க வந்துச்சு, நாலுன்னு எழுதியிருக்குது?” என்பார். கணக்கு எழுதியவர் நோட்டைப் புரட்டிப் பதில் சொல்வார். ஐந்நூறு ரூபாய்க்கு நம் ஊரில் இந்த உரிமை இருக்கிறது. லட்சக்கணக்கில் புழங்கும் இடத்தில் அதே கேள்வி மட்டும் எப்படி அவமரியாதை ஆகும்? இதை அப்படியே சொல்லுங்கள், பெரும்பாலும் சிரித்துவிட்டு நோட்டை எடுத்துத் தருவார்கள். அப்படியும் தராத இடத்தில் நீங்கள் சேர வேண்டியதில்லை.

அப்புறம், ஒரு ராத்திரி போய்ப் பாருங்கள்

அன்னதானம் நடக்கும் நாளில் போனால் எல்லாம் கழுவி, கோலம் போட்டு இருக்கும். ஒன்பதரை மணிக்கு மேல், சாதாரண நாளில் போங்கள். முன்கூட்டி வார்டனிடம் சொல்லிவிட்டே போங்கள், பறக்கும் படை மாதிரி நுழைவது மரியாதை இல்லை. பெண்கள் தங்கும் பகுதிக்குக் குழுவிலுள்ள பெண் உறுப்பினரோடு மட்டும், அதுவும் அவர்கள் சம்மதித்தால்.

நகர்ப்புற வீடற்றோர் காப்பகங்களுக்கு மத்திய அரசு நெறிமுறை ஓர் ஆளுக்கு 50 சதுர அடி இடம் என்கிறது. ஒரு லட்சம் மக்கள்தொகைக்கு நூறு பேர் தங்கும் வசதி என்பதும் அதில் உண்டு. நீங்கள் டேப் பிடித்து அளக்க வேண்டாம். பாயைத் தாண்டாமல் கழிப்பறைக்குப் போக முடிகிறதா என்று பாருங்கள், தெரிந்துவிடும்.

நான் முதல் தடவை ராத்திரியில் போனது சேர்ந்து பதினான்கு மாதம் கழித்து. குளியலறைப் பக்கம் நான்கு கழிப்பறைகள். மூன்றாவதில் தாழ்ப்பாள் இல்லை. பனியன் வேஸ்ட் துணியை நீளமாகக் கிழித்து, கயிறாகத் திரித்து, கதவின் ஓட்டையில் கோத்து, உள்ளே குழாயில் சுற்றிக்கொள்வது போல் யாரோ ஏற்பாடு செய்திருந்தார்கள். துணியின் நுனி பிடித்துப் பிடித்து அழுக்கேறிக் கறுத்திருந்தது. பல மாதப் பழக்கம் என்று பார்த்தாலே தெரிந்தது. அதற்கு முந்தைய வாரக் கூட்டத்தில்தான் முகப்பு வளைவுக்குப் புது பெயின்ட் அடிக்க 18,000 ரூபாய்க்கு நாங்கள் கை தூக்கியிருந்தோம். ஒரு தாழ்ப்பாள் எண்பது ரூபாய். வார்டன் அம்மாவிடம் ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். “யாருகிட்டச் சொல்றதுங்க? கூட்டத்துக்கு எங்களைக் கூப்பிடறதில்லீங்களே” என்றார்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு கூட்டத்திலும் முதல் பத்து நிமிடம் வார்டனுக்கு. கூடவே, தங்கியிருப்பவர்களில் ஒருவரும் வந்து பேசுவார். இந்த ஒரு வழக்கத்தை மட்டும் நீங்கள் கொண்டுவந்தாலே சேர்ந்ததற்குப் பலன்.

முதல் கூட்டம்

அஜெண்டா முன்னாலேயே கைக்கு வர வேண்டும். மூன்று நாளைக்கு முன் வாட்ஸ்அப்பில் வந்தாலும் சரி. மேஜையில் உட்கார்ந்த பிறகு நீட்டப்படும் தாளில் முடிவு ஏற்கெனவே எடுக்கப்பட்டிருக்கும்.

மினிட்ஸ் நோட்டை இரண்டு கண்ணாலும் பாருங்கள். நான் போன முதல் கூட்டத்தில் எல்லாரும் வரிசையாகக் கையெழுத்துப் போட்டோம், நோட்டில் மேலே முக்கால் பக்கம் வெள்ளையாக இருந்தது. “பொறவு எழுதிக்கலாமுங்க” என்றார் செயலாளர். கெட்ட மனிதர் இல்லை, கையெழுத்து அழகாக இருக்கும் ஒரு பெண் மறுநாள் வந்து எழுதுவார், அவ்வளவுதான். ஆனாலும் அந்த வெள்ளைப் பக்கத்தில் என்ன எழுதினாலும் அது நான் ஒப்புக்கொண்டதாகிவிடும். இப்போது தீர்மானத்தை அங்கேயே பென்சிலில் எழுதி வாசித்துக் காட்டிவிட்டுத்தான் கலைகிறோம். உங்களுக்கு உடன்பாடு இல்லாத தீர்மானம் என்றால் ‘இன்னாருக்கு உடன்பாடு இல்லை’ என்று எழுதச் சொல்லுங்கள். சண்டை போடத் தேவையில்லை. ஒரு வரி போதும்.

தொகை எழுதாத செக்கில் கையெழுத்துப் போடாதீர்கள். ‘நான் ஊருக்குப் போறேன், அவசரத்துக்கு இருக்கட்டும்’ என்று ஐந்து தாளில் போட்டுக் கொடுக்கும் பழக்கம் நம்மிடம் நிறைய. கம்பெனியிலும் செய்வோம். இங்கே வேண்டாம்.

கணக்கு: இங்கே கொஞ்சம் நின்று பார்ப்போம்

கணக்குத் தெரியாது என்று பயப்படாதீர்கள். அறிக்கையில் மூன்று தாள் இருக்கும். ‘ரசீதும் செலவும்’ என்பது கையில் வந்த காசு, போன காசு. ‘வருமானம், செலவினம்’ என்பது அந்த வருடத்துக்கு உரியது மட்டும். மூன்றாவது இருப்புநிலைக் குறிப்பு. புதியவர்கள் முதல் தாளைப் பார்த்துவிட்டு மூடிவிடுவார்கள். தங்குமிடம் நடத்தும் அமைப்புக்கு விஷயம் மூன்றாவது தாளின் இடது பக்கம் இருக்கிறது. நாம் யாருக்கெல்லாம் கொடுக்க வேண்டும் என்பது அங்கேதான்.

எங்கள் கதைக்கு வருகிறேன். 22 அறை, வாடகை 2,500, அட்வான்ஸ் மூன்று மாத வாடகை, 7,500. மொத்தம் 1,65,000 ரூபாய் அட்வான்ஸ் எங்கள் கையில் இருந்திருக்க வேண்டும். அது வாடகை வரும் அதே வங்கிக் கணக்கில் போய் விழுந்தது. கூரை ஒழுகியபோது அதிலிருந்து எடுத்தோம். செப்டிக் டேங்க் நிறைந்தபோது எடுத்தோம். சம்பளம் தாமதமான ஒரு மாதமும் எடுத்தோம். யாரும் ஒரு ரூபாய் திருடவில்லை. எல்லாவற்றுக்கும் பில் இருந்தது.

மே மாதம் வந்தது. பள்ளிக்கூடம் மாற்றும் சமயம், ஒரே மாதத்தில் ஏழு குடும்பங்கள் காலி செய்தன. கொடுக்க வேண்டியது 52,500. வங்கியில் 31,000. கடைசியாகக் காலி செய்த அக்கா செக்கிங் வேலைக்குப் போகிறவர், அவிநாசி ரோட்டுப் பக்கம் வேறு வீடு பார்த்திருந்தார். காலை ஏழு மணிக்கே குட்டி யானையில் கட்டில், பீரோ, கிரைண்டர் எல்லாம் ஏற்றியாகிவிட்டது. அந்த வீட்டுக்காரர் அட்வான்ஸ் வைத்தால்தான் சாவி என்று சொல்லிவிட்டார். இவருடைய அட்வான்ஸ் எங்களிடம். வண்டிக்காரர் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை ஹார்ன் அடிக்கிறார், வெயிட்டிங் சார்ஜ் வேறு. அக்கா வாசற்படியில் உட்கார்ந்துகொண்டு என்னைப் பார்த்து, “நம்ம காசுதானுங்களே அண்ணா, கடன் கேக்கலீங்களே” என்றார். கம்பெனியில் முன்பணம் வாங்கிக்கொண்டு வந்து கொடுத்தேன், பதினொன்றரை ஆகிவிட்டது.

அந்த வருடத் தணிக்கை அறிக்கையை அன்று ராத்திரி எடுத்துப் பார்த்தேன். ‘குடியிருப்போர் அட்வான்ஸ் 1,65,000’ என்று மூன்றாவது தாளின் இடது பக்கத்தில் தெளிவாக அச்சாகியிருந்தது. அதன் கீழே என் கையெழுத்து.

ஆகவே செய்ய வேண்டியது: அட்வான்ஸுக்குத் தனி வங்கிக் கணக்கு. அதிலிருந்து காலி செய்பவருக்கு மட்டுமே பணம் வெளியே போகும் என்று தீர்மானம். ஒவ்வொரு கூட்டத்திலும் ஒரே ஒரு வரி வாசிக்கப்பட வேண்டும்: ‘கொடுக்க வேண்டிய அட்வான்ஸ் இவ்வளவு, தனிக் கணக்கில் இருப்பு இவ்வளவு.’ இரண்டும் ஒன்றாக இருந்தால் அடுத்த பொருளுக்குப் போகலாம். வாடகையில் பத்தில் ஒரு பங்கை மராமத்துக்கு என்று ஒதுக்கவும் ஆரம்பித்தோம். கூரை ஒழுகும் என்பது எதிர்பாராத செலவே இல்லை, ஐப்பசி வந்தால் ஒழுகத்தான் செய்யும்.

தமிழ்நாட்டின் 2017 வாடகைச் சட்டம் ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும் என்கிறது. உங்கள் கட்டடத்துக்கு அது எந்த அளவு பொருந்தும் என்று வக்கீலிடம் ஒருமுறை கேட்டுக்கொள்ளுங்கள். சட்டம் எப்படி இருந்தாலும், அட்வான்ஸ் தொகையும் திருப்பித் தரும் நாளும் எழுதிய ஒரு தாள் குடியிருப்பவர் கையில் இருப்பது நல்லது. இந்தி மட்டும் படிக்கத் தெரிந்த குடும்பம் என்றால் இந்தியிலும்.

கரண்ட் பில்லையும் பாருங்கள். நாம் மின்வாரியத்துக்குக் கட்டுவதும் குடியிருப்பவர்களிடம் யூனிட் கணக்கில் வாங்குவதும் ஒத்துப்போகிறதா? லைன் வீட்டு முதலாளிகள் அதில் லாபம் பார்ப்பார்கள். தர்மக் காரியத்திலும் அது ‘சில்லறை வரவு’ என்ற பெயரில் நுழைந்துவிடும். வேலை செய்பவர்களுக்கு பி.எஃப்., ஈ.எஸ்.ஐ. பொருந்துமா, பொருந்தினால் கட்டியிருக்கிறதா என்பதையும் ஆடிட்டரிடம் நேராகக் கேளுங்கள். ஆடிட்டரோடு வருடம் ஒரு மணி நேரம் உட்காருவது குழுவின் வேலை, செயலாளர் மட்டும் போய் வந்தால் போதாது.

அறை யாருக்கு?

குழு உறுப்பினர் என்று தெரிந்த மறுநாளிலிருந்து போன் வரும். “நம்ம டிரைவர் ஒருத்தருக்கு ஒரு ரூம்.” நீங்கள் வார்டனுக்குப் போன் போட்டால் அவரால் மாட்டேன் என்று சொல்ல முடியாது. காத்திருப்போர் பட்டியலில் நான்கு மாதமாக இருக்கும் ஒருவர் ஐந்தாவது மாதத்துக்குப் போவார், உங்களுக்கு அது தெரியவே தெரியாது. வார்டனுக்கு உங்களைப் போல் ஏழு பேர் முதலாளி ஆகிவிட்டால் அவர் பாவம். சொல்ல வேண்டியதைக் கூட்டத்தில், செயலாளர் வழியாகச் சொல்லுங்கள். பட்டியலை வரிசை எண்ணோடு அலுவலகச் சுவரில் ஒட்டிவிட்டோம். போன் வந்தால், “சுவத்துல ஒட்டியிருக்குதுங்க, எழுதிட்டு வரச் சொல்லுங்க” என்கிறேன். உறவு கெடவில்லை.

இன்னொன்று, இதை யாரும் உங்களிடம் சொல்ல மாட்டார்கள். எங்கள் விண்ணப்பத்தில் சாதிக்கு இடமே கிடையாது. அதில் எங்களுக்குப் பெருமையும் உண்டு. ஒருநாள் அலுவலகத் திண்ணையில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன். அறை கேட்டு வந்த இளைஞரிடம் எங்கள் ஆள் அன்பாகத்தான் பேசினார். எந்த ஊருங்க என்றார். தாராபுரம் பக்கம் ஓர் ஊர் சொன்னார் அந்தத் தம்பி. “ஊருக்குள்ளயா, வளவுலீங்களா?” என்பது அடுத்த கேள்வி. கொங்குப் பக்கத்துக்காரர்களுக்கு இந்தக் கேள்வியின் அர்த்தத்தை நான் விளக்க வேண்டாம். மற்றவர்களுக்கு: சாதியைச் சுற்றிவளைத்துக் கேட்பது அது. அந்தத் தம்பி படிவத்தை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, “அப்புறம் வாரேனுங்க” என்று போய்விட்டார். திரும்பி வரவில்லை.

படிவத்தில் இல்லாதது வாயில் இருக்கிறது. அதனால், கேட்கக்கூடிய கேள்விகள் எவை என்று எழுதி மேஜையில் கண்ணாடிக்கு அடியில் வைத்தோம்: பெயர், எத்தனை பேர், வேலை, சம்பளம், அடையாள அட்டை. இதற்கு மேல் கேட்பது விதிமீறல் என்று தீர்மானமும் போட்டோம். அது மட்டும் போதாது. வருடத்தில் ஓரிரு தடவை திண்ணையில் உட்கார்ந்து பேப்பர் படியுங்கள்.

மாமன், மச்சான், கான்ட்ராக்ட்

பெயின்ட் வேலைக்குத் தலைவரின் மைத்துனர், அரிசிக்குச் செயலாளரின் சம்பந்தி. ‘வெளியாளுக்குக் கொடுக்கறதுக்கு நம்ம ஆளே குறைச்சலாப் பண்ணுவாருங்க’ என்பார்கள், சில சமயம் அது உண்மையாகவும் இருக்கும். ஆனால் அறங்காவலருக்கோ அவர் உறவினருக்கோ நியாயமற்ற ஆதாயம் போனால் வருமான வரி விலக்கிலேயே கை வைப்பார்கள். பாதிக்கப்படுவது மைத்துனர் அல்ல, அமைப்பு. மூன்று கொட்டேஷன் வாங்குங்கள். உறவுக்காரர் போட்டியில் இருந்தால் சம்பந்தப்பட்ட உறுப்பினர் எழுந்து வெளியே போகட்டும், டீ சொல்லிவிட்டு வரட்டும். அவர் வெளியே போனதையும் நோட்டில் எழுதுங்கள்.

சட்டத்தில் தவறவே கூடாத இடங்கள்

பெண்கள், குழந்தைகள் தங்கும் விடுதி, இல்லம் எதுவானாலும் 2014ஆம் ஆண்டுத் தமிழ்நாடு சட்டப்படி மாவட்ட ஆட்சியரிடம் உரிமம் வேண்டும். கட்டட உறுதி, தீயணைப்பு, சுகாதாரச் சான்றுகள் அதோடு சேர்ந்து வரும். உரிமம் முடியும் தேதியை உங்கள் மொபைல் காலண்டரிலும் போட்டு வையுங்கள், செயலாளர் பார்த்துக்கொள்வார் என்று விட வேண்டாம்.

பத்துப் பேர் அல்லது அதற்கு மேல் வேலை செய்தால், 2013 சட்டப்படி பாலியல் துன்புறுத்தல் புகார்களுக்கு உள்ளகக் குழு கட்டாயம். அறக்கட்டளைக்கும் உண்டு. குழந்தை மீதான பாலியல் குற்றம் பற்றித் தெரியவந்தால் போக்சோ சட்டம் உடனே காவல்துறைக்குச் சொல்லச் சொல்கிறது, சொல்லாமல் இருப்பதே குற்றம். ‘அமைப்புப் பேரு கெட்டுரும், நமக்குள்ள பேசி முடிச்சுக்கலாம்’ என்று குழுவில் ஒருவர் நிச்சயம் சொல்வார். அந்த நிமிடத்தில் உங்கள் முதல் வேலை போனை எடுப்பது. குழந்தைகளுக்கு 1098, பெண்களுக்கு 181, முதியோருக்கு 14567. இந்த எண்கள் தங்குபவர்கள் கண்ணில் படும் இடத்திலும் இருக்க வேண்டும்.

நன்கொடை

சுருக்கமாக. 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் கொடுப்பவருக்கு வரிச்சலுகை கிடையாது, முதலிலேயே சொல்லிவிடுங்கள். எல்லாவற்றுக்கும் ரசீது. பொருளாக வருவதற்கு வேண்டாம் என்று சொல்லவும் பழகுங்கள். ஒருமுறை எக்ஸ்போர்ட் ரிஜெக்ட் பனியன் மூன்று மூட்டை வந்தது. பிரித்தால் அத்தனையும் இரட்டை எக்ஸ்எல், மார்பில் ஏதோ ஐரோப்பிய கிளப்பின் பெயர். இரண்டு வருடம் எங்கள் காப்பகத்துத் தாத்தாக்கள் எல்லாரும் ஒரே டீமாகத் திரிந்தார்கள். மண்டபத்தில் மிஞ்சிய சாப்பாடு ராத்திரி பத்து மணிக்கு வந்தால் வாங்குவதா என்று ஒரு விதி எழுதி வையுங்கள். நாங்கள் எட்டரைக்கு மேல் வாங்குவதில்லை, தயிர்சாதத்தைக் கண்டிப்பாக வாங்குவதில்லை.

சேவை மேஜையை எப்படி அளப்பது

மாத அறிக்கையில் ‘பயனடைந்தோர் 140 பேர்’ என்று வரும். அந்த எண்ணை அப்படியே விழுங்காதீர்கள். நலவாரிய அட்டைக்கு எழுதிக் கொடுத்தவர்களில் எத்தனை பேர் கையில் அட்டை வந்தது? ஒடிசாக் குடும்பம் தன் ஊர் ரேஷன் கார்டில் இங்கே அரிசி வாங்கிவிட்டதா, இல்லை ரேகை விழவில்லை என்று கடையில் திருப்பி அனுப்பப்பட்டதா? எழுதிக் கொடுத்ததோடு நம் வேலை முடிந்துவிட்டதாக மேஜையில் இருப்பவர் நினைத்தால் தப்பு அவருடையதில்லை, நாம் வேறு எண்ணைக் கேட்டதே இல்லை.

எவ்வளவு நேரம், எப்படி விலகுவது

இரண்டு மாதத்துக்கு ஒரு கூட்டம் என்றால் படிக்க இரண்டு மணி நேரம், உட்கார இரண்டு மணி நேரம். வருடத்துக்கு இரண்டு ராத்திரி விசிட், ஆடிட்டரோடு ஒரு மாலை. தணிக்கைக் காலத்தில் பொருளாளருக்கு இன்னும் நாலு ஞாயிற்றுக்கிழமை போகும். இதற்கு மேல் நேரம் போகிறது என்றால் நீங்கள் வார்டன் வேலையைப் பார்க்கிறீர்கள் என்று அர்த்தம்.

வர முடியாமல் போனால் பேரை மட்டும் விட்டு வைக்காதீர்கள். இரண்டு பிரதியில் விலகல் கடிதம் எழுதி ஒன்றில் தேதியும் முத்திரையும் வாங்குங்கள். வங்கியில் உங்கள் கையெழுத்தை நீக்கியதற்கு வங்கியின் கடிதம், சங்கம் என்றால் பதிவாளருக்கு மாற்றம் தெரிவித்த நகல், கம்பெனி என்றால் இயக்குநர் பட்டியலில் பெயர் போயிருக்கிறதா என்ற சரிபார்ப்பு. எனக்குத் தெரிந்த ஒருவர் விலகி நான்கு வருடம் கழித்துத் தன் பெயருக்கு நோட்டீஸ் வந்து வக்கீல் வீட்டுக்கு அலைந்தார், விலகியது வாய்ப்பேச்சாகவே இருந்துவிட்டது. உங்கள் விலகலை ஏற்றுக்கொண்ட தீர்மானம் மினிட்ஸ் நோட்டில் எழுதப்பட்ட பின், அந்தப் பக்கத்தை மொபைலில் ஒரு படம் எடுத்துக்கொண்டு கிளம்புங்கள்.